மேளம் நிறுத்தி நடந்த தெரு

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது சத்தம் அளக்க ஆள் போக வேண்டியதில்லையாம். முச்சந்தியில் ஒரு கம்பம் நட்டு அதன் தலையில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டால், அது தானே கேட்டு, தானே எண்ணைப் போட்டு, தானே சேலத்துக்கு அனுப்பிவிடுகிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் சுகன்யா போனில் இதைச் சொல்லிவிட்டு, "நீங்க மிசினைத் தூக்கிட்டு அலைஞ்ச காலத்தைப் பத்தி எழுதிக் குடுங்கக்கா, சங்க மலர்ல போடலாம்" என்றாள். கஷ்டங்களை எழுதச் சொல்கிறாள் போலிருக்கிறது. கஷ்டம் என்று பார்த்தால் முட்டிவலியும் பஸ்ஸும்தான். மற்றபடி நான் பார்த்தது மிகச் சுகமான வேலை. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பேசாமல் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற வேலை வேறு யாருக்குக் கிடைக்கும்?

நான் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்துப் பெண். நாமக்கல்லில் இயற்பியல் படித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த கார்டு ஒரு நாள் உண்மையிலேயே வேலை கொடுத்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதை நம்பமாட்டார்கள். சேலத்தில் பயிற்சி. அங்கே கற்றுக்கொண்டதில் பாதி, அசையாமல் நிற்பது எப்படி என்பதுதான். கண்ணாடி வளையல் போட்ட கையோடு மிசின் பக்கத்தில் நின்றால் அதுவும் ஒரு சத்தமாகப் பதிவாகும் என்றார்கள். வளையலைக் கழற்றினேன். கொலுசும் போயிற்று. கஞ்சி போட்ட புடவை நடந்தாலே மொரமொரக்கும், அதுவும் போயிற்று. வெறுங்கையோடு ஊருக்குள் போய் நின்றால் பெண்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கெங்கவல்லிப் பக்கம் ஒரு வீட்டில் எல்லாருக்கும் குங்குமம் கொடுத்துவிட்டு, என் கையைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் அந்நேரம் வேலூரில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பார்.

எங்கள் இன்ஜினியர் நடராசன் சார் என்னைவிட இளையவர். ஒல்லியான மனிதர். பேச்சு குறைவு. "சத்தம் போடாதீங்க" என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. இடத்துக்குப் போனதும் செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிறகு வலது உள்ளங்கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, மிரண்ட மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல மெதுவாகக் கீழே இறக்குவார். எப்பேர்ப்பட்ட கூட்டமும் அடங்கிவிடும். அந்தக் கையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்த்திருக்கிறேன். எனக்கு என் வீட்டு நாய்கூட அடங்கவில்லை.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புகார் கொடுத்தவர் மிசின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அளக்கமாட்டார். "அவருக்குக் கேக்கறது நமக்கும் கேக்கோணும். நமக்குக் கேக்கறது அவருக்கும் கேக்கோணும். அப்புறம் எண்ணைப் பாக்கலாம்" என்பார்.

சத்தம் அளப்பதன் முதல் வேலை சத்தத்தை நிறுத்துவது. ஒலிபெருக்கியோ தறியோ, எதன்மேல் புகாரோ அதை நிறுத்திவிட்டு, மீதி என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதை நாங்கள் ஊர்ச் சத்தம் என்போம். அதன் பிறகு புகார்ச் சத்தத்தைப் போடச் சொல்லி அளப்போம். ஊர்ச் சத்தத்தைவிட இது எவ்வளவு தூக்கல் என்பதுதான் கணக்கு. மூன்று கால் ஸ்டாண்டில் மிசினை நிறுத்தி, சுவரை விட்டுத் தள்ளி வைத்து, காற்றுச் சத்தம் புகாமல் மைக்கின் தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டையை மாட்டிவிட்டு, ஊர்ச் சத்தத்துக்காகக் காத்திருப்போம். அந்தக் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் பணி ஓய்வு வரைக்கும் இந்த வேலையை விடவில்லை என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு ஊருக்கும் அடியில் ஒரு சத்தம் ஓடுகிறது. மேலே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்த பிறகுதான் அது வெளியே வரும். எங்கள் வேலூரில் அது வாய்க்கால் தண்ணீர். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் பக்கம் போனால், சுத்தியல்கள் நின்ற பிறகும் தகரம் கொஞ்ச நேரம் தனக்குள் பேசிக்கொண்டிருக்கும். கோழிப் பண்ணைகள் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குள் பல பேர் தூக்கத்தில் முனகுவது போலக் கேட்கும். நின்று கேட்கக் கேட்க, நான் யார், எதற்கு வந்தேன், மத்தியானம் சாப்பிட்டேனா என்பதெல்லாம் கழன்று போகும். நடராசன் சார் லேசாகத் தொண்டையைச் செருமி என்னை எழுப்புவார்.

சிரிக்கவும் இருந்தது. சேலம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி மேல் புகார். நாங்கள் போய் இறங்கிய உடனே விழாக் கமிட்டிக்காரர் ஓடிப்போய் மைக்கைப் பிடித்து, "நமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளை வருக வருக என்று வரவேற்கிறோம்" என்று நாலு ஊருக்குக் கேட்க முழங்கினார். அதுவரை அளவுக்குள் இருந்த சத்தம் அந்த வரவேற்பில்தான் எல்லை தாண்டியது. பொன்னாடை வேறு கொண்டுவந்தார்கள். நடராசன் சார் உள்ளங்கையை இறக்கி அதையும் அடக்கினார்.

இன்னொரு முறை பள்ளிபாளையத்தில் ஒரு தறிச் சந்து. ஊர்ச் சத்தம் எடுக்க வேண்டும், எல்லாத் தறியையும் ஒரே நேரத்தில் நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டோம். நிறுத்தினார்கள். ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியொரு அமைதி. அடுத்த நொடி சந்தில் இருந்த தொட்டில் குழந்தைகள் அத்தனையும் ஒன்றாக விழித்துக்கொண்டு வீறிட்டன. அந்தக் குழந்தைகளுக்குத் தறிச் சத்தம்தான் தூக்கம். ஒரு தாய் வெளியே வந்து, "இப்ப அளந்துக்கங்க சாமி, இதுதான் எங்க ஊர்ச் சத்தம்" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது ஜீப்பில் நடராசன் சார் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த ஒரு புகாரைத்தான் சுகன்யாவுக்காக எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது.

சேந்தமங்கலத்துக்கு அந்தப்புறம், கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டரிடம் ஒருவர் கொடுத்த புகார் எங்களுக்கு வந்தது. தெருக்கோடியில் யாரோ ஒலிபெருக்கி கட்டிப் பகல் முழுவதும் போடுகிறார்கள், தூங்க முடியவில்லை என்று இருந்தது. நடராசன் சார் அதை இரண்டு முறை படித்தார்.

"இதுக்கு நீங்க மட்டும் போங்க" என்றார். "கூட்டிப் போடு, கொறைச்சுப் போடுன்னு நாலு பக்கத்துல இருந்தும் எனக்கு போன் வரும். நான் இன்னைக்கு லீவு போட்டு போனை அணைச்சு வெச்சுருவேன். அளக்கறதுக்கு முன்னாடி எங்கிட்டப் பேசாதீங்க. வந்ததை எழுதுங்க."

அவர் லீவு போட்டு நான் பார்த்ததே இல்லை.

அந்த ஊரில் ஒரு நீளத் தெரு. தொடக்கத்தில் புளியமரம், முடிவில் பெரிய தண்ணீர்த் தொட்டி. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் காலனி. காலனி ஆட்கள் மெயின்ரோட்டுக்கோ சுடுகாட்டுக்கோ போக இந்தத் தெருவழியாகத்தான் போக வேண்டும். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, மூடிக் கிடந்த பால் சொசைட்டிக் கட்டடம். அதன் வாசலிலும், அங்கிருந்து தெருவோரம் நெடுக மின்கம்பங்களிலும், சின்னச் சின்ன ஒலிப்பெட்டிகள். கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பது வயதிருக்கும். பெயர் செண்பகம். காலனிப் பெண்தான், சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவள்.

"ஓவியம்னா படம் வரைவியா கண்ணு?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல வரைஞ்சேனுங்கக்கா. இப்ப சத்தம் மட்டுந்தான் பண்றேன்."

சத்தத்தை வைத்து யார் மேலே, யார் கீழே என்று காட்டுகிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றாள். லேப்டாப்பில் அவளுடைய நண்பர்கள் செய்ததைப் போட்டுக் காட்டினாள். ஒருவர் ஊரடங்கு சைரனைத் தாலாட்டு வேகத்துக்கு மெதுவாக்கி இருட்டறையில் ஓடவிட்டிருந்தார். ஒரு பெண், குடிசைகளை இடித்து வெறும் மைதானமாக்கிய இடத்தில், அங்கே இருந்த வீடுகளின் குக்கர் விசிலையும் மிக்ஸிச் சத்தத்தையும் மறுபடி கேட்க வைத்திருந்தாள். இன்னொருவர் தலைவர்களின் மேடைப் பேச்சுகளில் பேச்சை முழுக்க வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் அவர்கள் மூச்சு வாங்குவதை மட்டும் கோத்திருந்தார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மூச்சுகளைத் தொடர்ந்து கேட்கக் கேட்கச் சிரிப்பு போய் உடம்பு சில்லிட்டது. நான் வாழ்நாள் முழுக்க எவ்வளவு என்று மட்டுமே கேட்டவள். இவர்கள் யாருடையது என்று கேட்கிறார்கள்.

"சரி, உன்னுது எது?"

"எங்க மோளம் புளியமரத்துக்கிட்ட நின்னுருமுங்கக்கா. தண்ணித் தொட்டியைத் தாண்டித்தான் மறுபடி அடிப்பாங்க. கல்யாணமோ சாவோ, எதுன்னாலும் அப்படித்தான். யாரு சொன்னாங்கன்னு தெரியாது. போர்டு எழுதி மாட்டல. ஆனா நின்னுரும்."

சொல்லிவிட்டு, தொட்டியின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த ஒருவரைக் காட்டினாள். "எங்கப்பா. மாரப்பன். அவருதான் மொத மோளம். எங்கம்மா ராக்காயி செத்தப்ப அவரேதான் அடிச்சாரு. வேண்டாம்னு எல்லாரும் தடுத்தாங்க. 'அவளுக்கு நாந்தான் அடிப்பேன்'னு அடிச்சாரு. புளியமரம் வந்துச்சு. அவரு கையும் நின்னுருச்சு. மோளத்தைக் கக்கத்துல இடுக்கிட்டு நடந்தாரு. என் பையில ரெக்கார்டர் ஓடிட்டு இருந்துச்சுங்கக்கா. ஏன் போட்டேன்னு எனக்கே தெரியல."

அந்தத் தெருவைக் கடந்த நேரம் முழுக்கப் பதிவாகியிருந்தது. மேளம் அடிக்காமல் நடந்த சத்தம். அதைத்தான் அவள் பெட்டி பெட்டியாகப் பிரித்து அதே தெருவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அளவு கூடிருச்சுன்னா என்னங்கக்கா ஆகும்?"

"போலீஸ் குடுத்த அனுமதி ரத்தாயிரும். பெட்டியெல்லாம் எடுத்துட்டுப் போயிருவாங்க."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "மாரியம்மன் நோம்பி வருதுங்க. அதுக்குள்ள இந்தத் தெரு இதை முழுசா ஒருக்கா கேட்டாப் போதும். இன்னும் கேக்கல. நான் போட்டதும் எல்லா ஊட்லயும் டீவியைத் தூக்கி வெச்சுக்கறாங்க."

புகார் கொடுத்தவர் வீடு பால் சொசைட்டிக்கு எதிர்வீடு. முத்துசாமி என்று பெயர். கோழிப் பண்ணைக்காரர், ஊரில் சொல்வாக்கு உள்ளவர். பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். சண்டைக்கு நிற்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. மனிதர் உண்மையிலேயே தூங்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, நீங்களே சொல்லுங்க. மோளம்னா அடிப்பாங்க, முடிஞ்சுரும். இது முடியவே மாட்டேங்குதுங்க. எப்பப் பாத்தாலும் ஆளுக என்ற வாசலைத் தாண்டிப் போறாங்க. போறாங்க, போறாங்க, போய்ச் சேரவே மாட்டேங்கறாங்க. மத்தியானம் கண்ணை மூடுனா நடக்கற சத்தம். பண்ணையில போய்ப் படுத்தாலும் காதுக்குள்ள நடக்கறாங்க."

"டீவிச் சத்தத்துல கேக்காதுங்களே?"

"கேக்குதுங்க. அதுதானுங்க என்னன்னு தெரியல."

அளக்க ஆரம்பிக்கலாம் என்றேன். விதியைச் சொன்னேன். முதலில் ஊர்ச் சத்தம், அதற்கு அவளுடைய பெட்டிகளை நிறுத்த வேண்டும், பிறகு அவளுடைய சத்தம். ஊர்ச் சத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அவளுடையது தூக்கலாகத் தெரியும் என்பதை முத்துசாமி சட்டென்று பிடித்துக்கொண்டார். கெட்டிக்காரர். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

"டீவியை நிறுத்துங்க! கிரைண்டரை நிறுத்தச் சொல்லு! மோட்டாரை ஆப் பண்ணுங்கப்பா! ஆபீசரம்மா அளக்கறாங்க, ஒருத்தரும் மூச்சு உடப்படாது!"

வீடு வீடாகப் போனார். பைக்கில் வந்தவரை நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். ஒரு வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டது, அடுப்பையே அணைக்க வைத்தார். பெண்கள் வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். பேச வாயெடுத்த ஒரு குழந்தையின் வாயை அதன் தாய் பொத்தினாள். புளியமரத்தடியில் காலனி ஆட்கள் வந்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, செண்பகத்துக்குத் தோன்றிவிட்டது. என் பக்கத்தில் வந்து, "அக்கா, இந்தத் தெரு எங்களுக்கோசரம் அடங்கி நான் பாத்ததில்லைங்க" என்று காதோடு சொன்னாள். இந்த அமைதி தன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

செருப்பைக் கழற்றினேன். பஞ்சு உருண்டையை மாட்டினேன். முத்துசாமியை மிசின் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். வெட்கப்படாமல் நடராசன் சார் மாதிரியே உள்ளங்கையைத் தூக்கி மெதுவாகக் கீழே இறக்கினேன். அன்றைக்கு என்னவோ என் கைக்கும் அடங்கினார்கள்.

அந்த ஊரின் அடிச் சத்தம் மலை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மலையிலிருந்து இறங்குகிற காற்று புளியமரத்தை அடையும் முன்பே ஒரு மாதிரி கேட்டது. எங்கோ ஒரு பஸ் கியர் மாற்றியது. தொட்டியில் தண்ணீர் சொட்டியது. சாயங்கால வெயில் தெருவில் படுத்துக் கிடந்தது, அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் ஒருவருமில்லாத தெரு மாதிரி இருந்தது. இப்படியே நின்றுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எண்ணைக் குறித்துக்கொண்டு செண்பகத்துக்குச் சைகை காட்டினேன். எப்போதும் வைக்கிற அளவில்தான் வைக்கிறாளா என்று முத்துசாமியே போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையசைத்தார்.

புளியமரத்துப் பக்கத்துப் பெட்டியில் ஒரே ஓர் அடி கேட்டது. அத்தோடு மேளம் நின்றது.

பிறகு கால்கள். வெறுங்கால்களும் ரப்பர் செருப்புகளும் மண்ணில் தேய்ந்து வந்தன. மூங்கில் கிரீச்சிட்டது. மேளத்தின் தோலில் சட்டைக் கை உரசியது. ஒரு பெண் அழ ஆரம்பித்து, நினைவு வந்தவள் போல் நிறுத்திக்கொண்டாள். "பாத்து, பள்ளம்" என்று யாரோ யாருக்கோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மனிதரின் மூச்சு, வாயால் இழுத்து வாயால் விடுகிற மூச்சு, பெட்டி விட்டுப் பெட்டியாக எங்களை நோக்கி வந்தது. தெருவில் ஆளே இல்லை. ஆனால் வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டாள். சுவரில் சாய்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்தார். அடுத்தவர் எழுந்தார். பிணம் போகும்போது எழுந்து நிற்பது நம் பக்கத்து வழக்கம். ஒருவர் பின் ஒருவராகத் தெருவே எழுந்து நின்றது.

"ராக்காயி போனப்ப..." என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார்.

முத்துசாமி என் பக்கத்தில் நின்றார். "என்ற பண்ணையில முட்டை பொறுக்குனவ" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மூச்சு எங்களைத் தாண்டித் தொட்டிவரை போயிற்று. மாரப்பன் துண்டை விட்டு எழுந்து நின்றிருந்தார். தொட்டியைத் தாண்டியதும் மேளம் மறுபடி ஒலிக்க வேண்டும். செண்பகம் அந்த இடத்தில் வெட்டியிருந்தாள். மேளம் வரவில்லை. புளியமரத்தில் மறுபடி அந்த ஒற்றை அடி, மறுபடி கால்கள்.

மிசினைப் பார்த்தேன். எண் ஊர்ச் சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. எல்லைக்கு வெகு கீழே.

"அளவுக்குள்ளதான் இருக்குதுங்க" என்றேன்.

"இல்லீங்க. மிசின் ரிப்பேருங்க."

மிசின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு சின்ன டப்பா உண்டு. மைக்கில் மாட்டினால் ஒரே சீராக ஊதும், மிசின் ஒரு குறிப்பிட்ட எண்ணைக் காட்ட வேண்டும். மாட்டிக் காட்டினேன். சரியாகவே காட்டியது. முத்துசாமி குனிந்து அதை நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப எனக்கு மட்டும் ஏனுங்க இவ்வளவு சத்தமாக் கேக்குது?"

அதற்கு என்னிடம் மிசின் இல்லை. அவர் நிமிர்ந்து செண்பகத்தைப் பார்த்தார். கெஞ்சலா கோபமா என்று பிரிக்க முடியாத குரலில் சொன்னார். "இதுக்கு மோளமே தேவலீங்க. இதைக் கழட்டிருங்க அம்மிணி. மோளத்தை அடிச்சுட்டே போங்க. ஆரு கேக்கறா? இந்த நடையை மட்டும் நிறுத்துங்க."

செண்பகம் தொட்டிப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மோளம் இந்தத் தெருவைத் தாண்டுற அன்னைக்குக் கழட்டறேனுங்க" என்றாள்.

சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடராசன் சாருக்கு போன் செய்தேன். போன் உயிரோடு இருந்தது. எண்ணைச் சொன்னேன். அவர் எண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"புகார் குடுத்தவரு பக்கத்துல நின்னாருங்களா?"

"நின்னாருங்க சார்."

"கேட்டாருங்களா?"

"கேட்டாருங்க."

வைத்துவிட்டார்.

அதன் பிறகு எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஊர்க்கூட்டம் கூடிக் கூடிக் கலைந்ததாம். முத்துசாமியைச் சொந்தக்காரர்களே திட்டினார்களாம். அவர் ஒரே பேச்சாக, "உங்க ஊட்டு எதுக்க வெச்சிருந்தாத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கடைசியில் நோம்பித் திருவிழாவுக்கு மேளம் போகட்டும் என்று அரைமனதாக விட்டார்களாம். பெட்டிகள் அதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்தன. நோம்பிக்கு முதல் நாள் செண்பகம் போன் செய்தாள். "வாரீங்களாக்கா? நாளைக்கு மோளம் வருது."

போனேன். அளக்கப் போன ஊருக்குள் மிசினில்லாமல் நான் போனது அதுதான் முதல் தடவை. இரண்டு ஜீப்பில் போலீஸ் நின்றது. தெருவில் சில வீடுகள் கதவைச் சாத்தியிருந்தன. மற்ற வீடுகளில் ஆட்கள் வாசலில் நின்றார்கள், முத்துசாமியும் நின்றார். காலனியிலிருந்து தீர்த்தக்குடம் எடுத்த பெண்கள் மஞ்சள் சேலையில் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மேளங்கள். அதற்கும் முன்னால் மாரப்பன். துள்ளாட்டமான அடி, எனக்கே கால் பரபரத்தது.

புளியமரம் வந்தது. மேளம் நின்றுவிட்டது.

யாரும் தடுக்கவில்லை. மாரப்பனின் கை தானாக நின்றது. அவர் நின்றதும் மற்றவர்கள் கையும் நின்றது. வழக்கம் போலவே மேளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தும்விட்டார்கள். பெட்டிகளில் கேட்ட அதே நடை. போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாரப்பன் நின்றார். தன் கையை ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கை நின்னு போச்சுப்பா" என்று மேளக்காரர்களிடம் சொன்னார், ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே. பிறகு திரும்பி நடந்தார். மேளங்கள் திரும்பின, தீர்த்தக்குடங்கள் திரும்பின. ஊர்வலம் முழுக்கப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

அப்புறம் ஓர் அடி எழுந்தது. முன்பு அடித்துக்கொண்டு வந்த துள்ளல் இல்லை. நிதானமாக, கனமாக, ஒரு காலை ஊன்றி மறு காலை இழுப்பது போன்ற அடி. மாரப்பன் மட்டும்தான் அடித்தார். மற்றவர்கள் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சேர்ந்துகொண்டார், இன்னொருவர் சேர்ந்துகொண்டார். மேளம் புளியமரத்தைத் தாண்டித் தெருவுக்குள் வந்தது. தலையில் குடம் வைத்த பெண்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. எல்லாருக்கும் ஏதோ புரிந்துவிட்டது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை.

பக்கத்து வாசற்படியில் நின்ற பெண்ணிடம், "இது என்ன அடிங்க?" என்று கேட்டேன்.

"சாவு அடிங்க அம்மிணி. நோம்பிக்கு ஆராச்சும் இதை அடிப்பாங்களா?" என்றவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பொண்டாட்டிக்கு அடிக்கறானுங்க. அன்னைக்கு இந்தத் தெரு நீளத்துக்கு அவளுக்கு உட்டுப்போச்சல்ல."

ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. முத்துசாமி தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். மாரப்பன் யாரையும் பார்க்காமல், வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓர் அடிகூடக் குறைக்காமல் அடித்துக்கொண்டு போனார். செண்பகம் அவருக்குப் பின்னால் வெறுங்கையோடு நடந்தாள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நோம்பி அடிக்கு மாறினார்.